ஆக்கியவர் தெரியவில்லை

பக்கத்துத் தெருக் கடையில் போலீஸ் புகுந்து, நானூறு சி.டி.க்களைக் கோணிப்பையில் அள்ளிக்கொண்டு போன மறுநாள் கிருபை நெட் சென்டரின் ஒலிபெருக்கி வாயடைத்துப்போயிற்று. டோல்கேட் சந்திப்பில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில், ஏழு கணினிகளும் ஒரு ஜெராக்ஸ் இயந்திரமுமாக அதை நடத்திவந்த ஜெபசிங் நாசரேத்துப் பக்கத்துக்காரர். வடசென்னைக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் அவர் பேச்சு ஊர்ப்பேச்சாகவே இருந்தது. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

"இன்னைலேருந்து கடையில திருட்டுப் பாட்டு ஒண்ணும் ஓடப்படாது, கேட்டியா? ஓடுனா ஒன்னையும் என்னையும் சேத்துல்லா தூக்கிட்டுப் போவான்" என்றார், கணினிகளைப் பார்த்துக்கொண்ட அன்பரசனிடம்.

"அப்ப இன்னாதான் போடறது அண்ணாச்சி? ஜெபப் பாட்டா?"

"அதுக்கும் ஒருத்தன் உரிமை எழுதி வச்சிருக்காம்டே. நீ எம்.ஏ. படிச்சவன்லா, யார்ட்டயும் திருடாத பாட்டு எங்கயாவது கெடக்கான்னு தேடிப் பாரு."

2008-ஆம் ஆண்டின் மே மாதம் அது. வெயிலுக்குப் பயந்து மதியங்களில் கடைக்கு யாரும் வருவதில்லை. வியாசர்பாடியில் பிறந்து, தமிழில் முதுகலை முடித்து, நாட்டார் வழக்காறுகளில் ஆய்வுப் பட்டத்துக்கு இடம் தேடிக்கொண்டிருந்த அன்பரசன், அந்த வெறிச்சோடிய மதியங்களில் ஒன்றில்தான் அந்தத் தளத்தைக் கண்டுபிடித்தான். கம்பெனிகளின் தயவில்லாமல் தாமே பாடி, தாமே பதிவுசெய்து, தாமே உலகுக்குக் கொடுத்துவிட்டவர்களின் இசைத்தொகுப்புகள் அங்கே ஆயிரக்கணக்கில் அடுக்கிக் கிடந்தன. எஸ்தோனியாவில் ஒரு மாணவன் தன் குளியலறையின் எதிரொலியை நம்பி வாசித்த கித்தார். அர்ஜென்டினாவில் இரு சகோதரிகள் தையல் இயந்திரத்தின் ஓட்டத்துக்குப் பாடிய தாலாட்டுகள். ஜப்பானில் ஒரு தபால்காரர் ரயிலோசைகளைக் கோத்துக் கட்டிய நீண்ட இசை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே விதமான சிறு அறிவிப்பு இருந்தது. எடுத்துக்கொள்ளலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றிப் பாடலாம், விற்கவும் செய்யலாம். ஆக்கியவரின் பெயரை மட்டும் சொல்ல வேண்டும். ஒருமுறை கொடுத்த இந்த உரிமை திரும்பப் பெறப்படமாட்டாது.

அன்பரசன் அதை மூன்று முறை வாசித்தான். ஓசி என்றால் இளப்பம் என்றுதான் அவன் வளர்ந்த தெரு அவனுக்குச் சொல்லித் தந்திருந்தது. ஓசியில் கிடைத்தது யாருக்கும் வேண்டாததாக இருக்கும், அல்லது யாரிடமிருந்தோ தள்ளிக்கொண்டு வந்ததாக இருக்கும். தலை நிமிர்ந்து கொடுக்கப்பட்ட, வாங்குகிறவனையும் தலை குனியச் செய்யாத ஒன்றை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். அன்று மாலை முதல் கிருபை நெட் சென்டரில் எஸ்தோனியக் கித்தார் ஒலித்தது. "தூக்கம் வருதுடே, ஆனா பயம் இல்ல" என்றார் ஜெபசிங்.

இரண்டு மாதம் எடுத்துக்கொண்டே இருந்தவனுக்கு, தானும் எதையாவது கொடுக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. கொடுப்பதற்கு அவனிடம் பாட்டு இல்லை. டில்லிபாபுவிடம் இருந்தது.

டில்லிபாபு பள்ளியில் ஐந்தாவது வரை அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் வீடு. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச்செல்லும் டிரெய்லர் லாரியில் ஓட்டுநர். எண்ணூர் சாலையில் துறைமுக வாயிலுக்காக லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி, ஒரு நாள், இரண்டு நாள், சில வாரங்களில் மூன்று நாள்கூட நின்றன. அந்த நிற்பில் சமைத்தார்கள், துவைத்தார்கள், சண்டை போட்டார்கள். டில்லிபாபு கானா கட்டினான். அவன் பாட்டுக்கு மெட்டுப் போட்டவன் யேசுதாஸ், அடுத்த லாரி ஓட்டுநன், காசிமேட்டுக்காரன். இரண்டு வருடத்துக்கு முன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். லாரி வரிசையைப் பற்றி இருவரும் சேர்ந்து கட்டிய பாட்டை, அவனுடைய பதினாறாம் நாளில்தான் டில்லி ஊர் கேட்க முதலில் பாடினான்.

அன்பரசன் பர்மா பஜாரில் வாங்கிய, உள்ளங்கைக்குள் அடங்கும் பதிவுக்கருவியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அந்த வரிசையைத் தேடிப்போனான். லாரிக் கண்ணாடிகளை ஏற்றி, மின்விசிறியை நிறுத்தி, இருவரும் வியர்வையில் குளித்தபடி உட்கார்ந்தார்கள்.

"இது எங்க போவும் மாமு?" என்று கேட்டான் டில்லி.

"உலகம் பூரா போவும்."

"கேட்டுல பாஸ் கேக்க மாட்டானா?"

"பாட்டுக்குப் பாஸ் கெடயாது."

"அப்ப குட்த்து வெச்ச பாட்டுதான்" என்று சிரித்து, காலித் தண்ணீர்க் கேனை மடியில் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு டில்லி தொடங்கினான்.

*எண்ணூரு ரோட்டுல என் வண்டி நிக்குது*
*ஏழு கடல் தாண்டிவந்த கப்பல் காக்குது*
*டப்பாக்குள்ள இன்னா கீதோ எனக்குத் தெரியாது*
*டப்பா போற ஊருக்கு நான் போவ முடியாது*

நாலடிக்கு ஓர் அடுக்காக ஆறு அடுக்குகள். ஒவ்வொன்றிலும் வரிசை கொஞ்சம் நகர்ந்தது, ஓட்டுநனின் வயது கொஞ்சம் ஏறியது. கடைசி அடுக்கு எல்லாக் கானாவிலும் வருவதைப் போலப் பெயர் போடுகிற அடுக்கு. கட்டியவன் யார், எந்த ஏரியா என்று சொல்லாமல் கானா முடிவதில்லை; வேறொருவன் பாட்டைப் பாடுகிறவனும் அந்த அடியை விட்டுவிட்டுப் பாடினால் கூட்டத்தில் செருப்பு பறக்கும்.

*மெட்டு போட்டவன் காசிமேட்டு யேசுதாஸு*
*பாட்டு கட்டுனவன் புளியந்தோப்பு டில்லிபாபு*
*கேட்டுப் பாடுறவன் எவனா இருந்தாலும்*
*பேரைச் சொல்லிப் பாடு, இல்லாட்டி வாய மூடு*

"வாய மூடு" என்கிற இடத்தில் பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. டில்லி ஜன்னலை இறக்கி அந்த ஓட்டுநனின் பரம்பரையை விசாரித்தான். மறுபடியும் பாடச் சொல்ல அன்பரசன் வாயெடுத்தபோது வரிசை நகர்ந்தது.

இனி நடந்தவை ஒவ்வொன்றும் சிறியவை. ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு காரணம் இருந்தது. பின்னாளில் அவன் அந்தக் காரணங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தபோது, எந்த ஒன்றையும் பொய் என்று தள்ள முடியவில்லை. அதுவே அவனை அதிகமாகக் கூசச் செய்தது.

ஹாரன் ஒலி கடைசி அடுக்கின் முடிவில் மட்டுமே விழுந்திருந்தது. அதை நீக்குவதற்காகத்தான் கணினியில் அந்த இடத்துக்குப் போனான். போனவன் அடுக்கை முழுதாகக் கேட்டான். முன்னிருந்த ஐந்து அடுக்குகளின் பெருந்துயரத்துக்குப் பிறகு காசிமேடு, புளியந்தோப்பு என்று ஏரியாப் பெயர்கள் வருவது பாட்டைச் சின்னதாக்குகிறது என்று அவனுக்குப் பட்டது. அவன் படித்த பாடநூலில் ஒரு வாக்கியம் இருந்தது: நாட்டார் பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லை, மக்களே அவற்றின் ஆசிரியர். தேர்வுகளில் அவன் மூன்று முறை எழுதி மதிப்பெண் வாங்கிய வாக்கியம் அது. பெயர் இருந்தால் அது ஒரு லாரி ஓட்டுநனின் பாட்டு. பெயர் இல்லையென்றால் ஒரு துறைமுகத்தின் பாட்டு. ஐந்தாம் அடுக்கு முடிந்து, டில்லி ஆறாவதற்காக மூச்சை இழுத்த இடத்தில் வெட்டினான். மூச்சு இப்பக்கம் தங்கிவிட்டது.

தளத்தின் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. கலைஞர் என்ற கட்டத்தில் கணக்கின் பெயரான 'அன்பு' தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது, அதை மாற்றவில்லை. குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினான்: சென்னைத் துறைமுகத் தொழிலாளரின் பழம்பாட்டு. ஆக்கியவர் யாரென்று தெரியவில்லை. எழுதிய பின் ஒருமுறை வாசித்துப் பார்த்தான். ஆய்வேட்டின் அடிக்குறிப்பைப் போலக் கம்பீரமாக இருந்தது. அடியில், ஆக்கியவர் பெயரைச் சொல்லி எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமையைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினான்.

பாராட்டுகள் வந்தன. போலந்திலிருந்து ஒருவர், உங்கள் குரல் துருப்பிடித்த சங்கிலியைப் போல் அழகாக இருக்கிறது என்று எழுதினார். அன்பரசன் நன்றி என்று பதில் போட்டான். அந்த ஒரு சொல்லை எழுத எவ்வளவு குறைந்த நேரம் பிடித்தது என்பது பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது.

செப்டம்பரில் லிஸ்பன் நகரத்திலிருந்து இனேஸ் என்ற பெண் எழுதினாள். பத்துத் துறைமுகங்களின் பாடல்களைச் சேர்த்து, எல்லாம் இதே உரிமையின் கீழ், ஒரு தொகுப்பு வெளியிடுகிறாள், சி.டி.யாகவும் முந்நூறு பிரதிகள் அச்சிடப்போகிறாள். இந்தப் பாட்டும் வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. "முடிவில் அவர் மூச்சை இழுப்பது கேட்கிறது. இழுத்த பிறகு பாடவில்லையா? எனக்கு உங்கள் மொழி தெரியாது. ஆனாலும் யாரும் நிறுத்துவதற்காக மூச்சை இழுப்பதில்லை என்று நினைக்கிறேன்."

அன்பரசன் இரண்டு நாள் பதில் எழுதவில்லை. மூன்றாம் நாள் எழுதினான்: எங்கள் மரபில் பாடல் சில வேளை இப்படி நிற்பதுண்டு, கேட்பவர் நிறைவுசெய்வதற்காக விடப்படும் இடைவெளி அது. அந்த வாக்கியம் நன்றாக அமைந்ததாக அன்று மாலை முழுவதும் அவனுக்குள் ஒரு திருப்தி இருந்தது.

டில்லியிடம் பாட்டு வெளிநாட்டு சி.டி.யில் வரப்போகிறது என்பதை மட்டும் சொன்னான்.

"யேசு பேரு கப்பல் ஏறுது மாமு!" என்று டில்லி லாரியிலிருந்தே கத்தினான். "அண்ணியாண்ட சொல்லணும். பதினாறாம் நாளு அய்துகினே கேட்டுச்சி, ஒண்ணும் காதுல வுயுந்திருக்காது."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அன்பரசன் தலையாட்டினான்.

டிசம்பரில் ஒரு பகல், பாரிமுனைக்குப் போய் ஜெராக்ஸ் காகிதம் வாங்கிக்கொண்டு படியேறியவன், ஜெபசிங்கின் மேசையில் பிரிக்கப்பட்ட பார்சலையும், எதிரே இரண்டு நாற்காலிகளில் டில்லிபாபுவும் யேசுதாஸின் மனைவி முத்தம்மாவும் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தான். முத்தம்மா காசிமேட்டில் மீன் வாங்கி டோல்கேட் பக்கம் விற்பவள். கூடையைக் கீழே மருந்துக்கடை வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"வாடே, வா! லிஸ்பன்லேருந்து வந்திருக்கு" என்றார் ஜெபசிங். "கிருபையில ஒரு எழுத்து விட்டுருக்கா, பரவால்ல, நம்ம கடைதானே. பாட்டுக்காரன்ட்ட நாந்தான் போன் போட்டுச் சொன்னேன்."

"பின்னாடி வண்டிக்காரனாண்ட சாவிய குட்த்துட்டு ஓடியாந்துட்டேன் மாமு" என்றான் டில்லி. குளித்து, சட்டை மாற்றியிருந்தான். துறைமுக பாஸ் மட்டும் வழக்கம்போல் கழுத்தில் தொங்கியது. "அண்ணியையும் இட்டாந்துட்டேன்."

"அவரு பேரு வர்ற எடத்த மட்டும் போடு தம்பி" என்றாள் முத்தம்மா. "நாழியாவுது. மீனு வெயில்ல கீது."

"ஐய, மொதல்லேந்து கேளு அண்ணி! கடைசிலதான் வரும் அது. பொறுமையா குந்து."

அன்பரசன் காகிதக் கட்டைக் கீழே வைத்தான். "அண்ணாச்சி, ஸ்பீக்கர் ஒயர் கொஞ்சம் லூசா கீது. அப்பால ஒரு நாள்..."

"நேத்துதானேடே மாத்துனோம்" என்று ஜெபசிங் சி.டி.யைப் போட்டார்.

கேனின் தாளம் எழுந்தது. கணினிகளில் இருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் அடுக்கு முடிந்ததும் டில்லி தன் குரலைத் தானே நம்பாதவனாக வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மூன்றாவதில் முத்தம்மா தொடையில் விரலால் தாளம் போட்டாள். ஐந்தாவது முடியும்போது டில்லி அவள் பக்கம் சாய்ந்து, "தோ, இப்ப பாரு" என்றான். அவள் முந்தானையை இழுத்துச் செருகி, நேராக உட்கார்ந்தாள்.

மூச்சு கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"கரண்டு பூட்ச்சா?" என்று முத்தம்மா மேலே பார்த்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் யாரோ ஒரு வெளிநாட்டுக் கிழவர், ஆர்மோனியத்தைப் போன்ற ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்த துறைமுகத்தைப் பாடத் தொடங்கினார்.

ஜெபசிங் நிறுத்தினார்.

"மிச்சம் எங்க மாமு?" என்றான் டில்லி.

"ஹாரன். ஹாரன் வுயுந்துடுச்சி இல்ல, அதான்..."

"வுயுந்தா? இன்னொரு தபா பாடச் சொல்லிருந்தா பாடிருப்பேனே. நானு எங்க ஓடிப்பூட்டேன், லைன்லதானே நிக்கிறேன்." அவன் குரலில் இன்னும் கோபம் இல்லை. மேசையிலிருந்த அட்டையை எடுத்து அன்பரசனிடம் நீட்டினான். "சரி வுடு. பாட்டுல இல்லன்னா இன்னா, அட்டைல போட்டுக்கீறாங்க இல்ல? எது நம்ம பேரு, காட்டு. யேசு பேரு எது?"

அன்பரசனின் விரல் அட்டையின் மேல் போயிற்று. அதை எங்கே வைக்கப்போகிறது என்பது விரலுக்கே தெரியாததைப் போல ஒரு கணம் நின்று, 'அன்பு' என்ற ஆங்கிலச் சொல்லின் மேல் பட்டது. "இது... இது உன்னுது" என்றான்.

டில்லிக்கு ஆங்கிலம் வராது. ஆனால் பத்து வருடமாகத் தினமும் துறைமுக வாயிலில் காவலர் முன் தூக்கிக் காட்டிய பெயரின் வடிவம் அவனுக்குத் தெரியும். கழுத்துப் பாஸைத் திருப்பி அட்டையின் பக்கத்தில் வைத்தான். விரலால் எண்ணினான்.

"இதுல நாலு எயுத்துதான் கீது. எனுது ஒம்போது." நிமிர்ந்து சிரித்தான், நண்பனுக்குத் தப்பிக்க ஒரு வழி விடுகிற சிரிப்பு. "இன்னா மாமு, எடம் பத்தாம சுருக்கிட்டாளா அந்தம்மா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அன்பரசனின் நாக்கு அதற்குத் தயாராகக்கூட இருந்தது. அதற்குள், விஷயம் புரியாத ஜெபசிங் உதவி செய்ய நினைத்து அட்டையை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"கொண்டா, நான் படிக்கேன். 'பாடியவர்: அன்பு, சென்னை.' ...என்னடே இது? 'துறைமுகத் தொழிலாளரின் பழம்பாட்டு. ஆக்கியவர்...'" அவர் நிறுத்தினார்.

"படி அண்ணாச்சி."

"'ஆக்கியவர் யாருன்னு தெரியல'ன்னு போட்டிருக்கு."

கணினிகளின் முன் இருந்தவர்கள் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தார்கள். டில்லிபாபு எழுந்து நின்றான். கத்தவில்லை.

"நான் உனக்குத் தெரியாதா மாமு?"

அன்பரசனுக்குப் பேச்சு வந்தபோது, வந்தது பாடநூலின் பேச்சு. "இல்ல டில்லி, நாட்டார் பாட்டுன்னா அப்டித்தான் எழுதுவாங்க. நாட்டார் பாட்டுக்கு ஆசிரியர் பேரு..."

"நாட்டாரா? யாரு அந்தாளு? எந்த ஏரியா? அவுருதான் கட்னாரா இத்த?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்பரசன் தாங்கியிருப்பான்.

முத்தம்மா தன் பங்குக்குக் கொடுக்கப்பட்ட சி.டி.யை மடியிலிருந்து எடுத்தாள். மீன் கைபட்டிருக்குமோ என்று முந்தானையால் ஒருமுறை துடைத்து, மேசையின் ஓரத்தில் வைத்தாள். "செத்தவரு பேரு இல்லன்னா சரி, அவுரு வந்து கேக்கப் போறதில்ல. கண்ணு முன்னாடி நிக்கிறவன் பேருமா தம்பி?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். டில்லி பின்னாலேயே போனான்.

ஜெபசிங் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். "திருட்டுப் பாட்டு ஓடப்படாதுன்னு சொன்னேம்லாடே" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

அன்றைக்கும் மறுநாளைக்கும் அன்பரசன் வேலை செய்தான். ரசீது போட்டான், ஜெராக்ஸ் எடுத்தான். அவமானம் ஓரிடத்தில் நிற்கவில்லை. வெட்டியதற்காகக் கூசி முடிப்பதற்குள் எழுதியதற்காகக் கூசியது. அதைக் கடந்தால் விரல் போய் நின்ற இடம். ஆசையில் ஒருவன் செய்யக்கூடியது திருட்டு. இவன் செய்ததோ, நண்பனைப் பார்த்தபடியே அவனை யாரென்று தெரியாதவனாக்கியது. அந்த அறிவிப்பை மூன்று முறை வாசித்து, எங்கோ கடலுக்கு அப்பால் மனிதர்கள் இவ்வளவு கண்ணியமாக நினைத்திருக்கிறார்களே என்று வியந்தவன் அவன். பேரைச் சொல்லிப் பாடு, இல்லாட்டி வாய மூடு. அதே அறிவிப்பு, அதைவிடக் கறாராக, லாரிக்குள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தவன் வாயிலிருந்து வந்திருந்தது. அதைத்தான் வெட்டியிருந்தான்.

மூன்றாம் நாள் இனேஸுக்கு உண்மையை எழுதினான். இடைவெளி பற்றிய வாக்கியம் பொய் என்பதையும் சேர்த்தே எழுதினான். அவள் பதில் சுருக்கமாக இருந்தது. இணையத்தில் பெயர்களைத் திருத்திவிட்டாள். அச்சிட்ட முந்நூறில் இருநூற்று அறுபது பத்துத் துறைமுகங்களுக்கும் போய்விட்டன. அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. உரிமையைப் போலவே பிழையையும் திரும்பப் பெற முடியாது. முழுப் பாட்டும் கிடைத்தால் மகிழ்வாள். கோபமாகத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணூர் சாலையில் வரிசையின் வாலிலிருந்து நடக்கத் தொடங்கினான். டில்லியின் லாரி எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. கேட்கவும் நா எழவில்லை. கேட்காமலே பதில்கள் வந்தன.

"டேய், தோ பார்றா, பேரு தெரியாதவரு வர்றாரு!" என்றது ஒரு லாரியின் ஜன்னல்.

"யோவ், பேரு தெரியாதவரே! எங்க பேரெல்லாமும் தெரியாதுதானே உனக்கு? ஷோக்கு!"

"உடுடா அவர, அவுரு நாட்டாரத் தேடிகினு போறாரு."

பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் வாயில் நுரையோடு முன்னால் கைகாட்டினார். நாற்பது லாரிகளுக்கு அப்பால் நீல வண்டி நின்றது. டில்லி ஸ்டீயரிங்கின் மேல் காலைப் போட்டுப் படுத்திருந்தான். எழுந்தான்.

"வாங்க சார்" என்றான்.

அன்பரசன் கதவைப் பிடித்தபடி நின்றான். "டில்லி..."

"ஏறுங்க சார். வெயில்ல நிக்கிறீங்க."

ஏறினான். தான் எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னான். இணையத்தில் இப்போது டில்லி பெயரும் யேசு பெயரும் இருப்பதைச் சொன்னான். திரும்பப் பெற முடியாத இருநூற்று அறுபது சி.டி.க்களைப் பற்றியும் மறைக்காமல் சொன்னான். மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்ல முயன்றபோது அது மேடைத் தமிழாகக் கேட்டது. "தப்பு பண்ட்டேன் மாமு" என்றான். டில்லி கேட்டுக்கொண்டான். பதிலுக்குத் தண்ணீர்க் கேனை எடுத்து மடியில் கவிழ்த்தான்.

"அண்ணிக்காவ பாடறேன். ஆன் பண்ணிக்கோங்க சார்."

ஆறு அடுக்கும் பாடினான். இந்த முறை குரலில் சிரிப்பு இல்லை, ஆனால் பாட்டு பிசகவில்லை. யேசுதாஸ் பெயர் வரும்போது கேனின் தாளத்தை நிறுத்தி, பெயரை வெறும் குரலில் சொன்னான். ஆறாவது முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. ஓரடி கூட வந்தது.

*பதிஞ்சு வெச்சது வியாசர்பாடி அன்பரசன் சாரு*

கடைசிச் சொல்லை நீட்டி, மெட்டின் விளிம்பு வரை கொண்டுபோய் இறக்கினான்.

அன்பரசன் கருவியை அணைத்தான். "என் பேரு வேணாம் டில்லி. எனக்கு அதுக்கு யோக்கியத இல்ல."

"வெட்டிருவீங்களா?"

அன்பரசன் கையிலிருந்த கருவியைப் பார்த்தான்.

"யாரு பேரா இருந்தாலும் வெட்டறதே உங்களுக்கு வேலையா சார்? ரெக்கார்ட் பண்ணது நீங்கதானே. பண்ணவன் பேரு வரணும். அது எங்க வயக்கம்."

"அப்ப அந்த சாரையாவது எடுத்துடு. வெறும் அன்பரசன்னு பாடு."

டில்லி சற்று யோசித்தான். உண்மையாகவே யோசிப்பதைப் போலத்தான் இருந்தது. விரலால் கேனின் மேல் தட்டி, உதட்டுக்குள் அடியை ஒருமுறை ஓட்டிப்பார்த்தான்.

"மெட்டுக்கு வேணும்" என்றான்.

முன்னால் லாரிகள் உறுமின. வரிசை நகரப்போகிறது, இறங்குவதென்றால் இப்போதே இறங்க வேண்டும் என்று சொல்லி, டில்லி எட்டி அவன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

அந்தப் பதிவை அன்பரசன் ஒரு நொடிகூட வெட்டாமல் ஏற்றினான். ஒரு பிரதியை முத்தம்மாவிடம் கொடுக்கச் சொல்லி ஜெபசிங்கிடம் தந்தான். தானே கொண்டுபோக அவனால் முடியவில்லை. கலைஞர் கட்டத்தில் இரண்டு பெயர்களையும் ஏரியாவோடு எழுதினான்.

ஒரு வாரம் கழித்து இனேஸ் எழுதினாள். இப்போது பாட்டு முழுமையாக இருக்கிறதாம். பெயர்களை அவளால் அடையாளம் காண முடிகிறதாம், மீதமிருக்கும் பிரதிகளின் அட்டைக்கு மொழிபெயர்ப்பும் தயாராகிறதாம். ஒரே ஒரு சந்தேகம்: அவர் மிக நீளமாகப் பாடுகிற அந்தக் கடைசிச் சொல்லுக்கு என்ன பொருள்? ஆங்கிலச் சொல்லைப் போல ஒலிக்கிறதே, அங்கே அதற்கு வேறு பொருள் உண்டா?

அது மரியாதைச் சொல் என்று தட்டச்சு செய்தான். பொய்யில்லை. ஆனாலும் அனுப்பும் பொத்தானுக்கு மேல் கை நின்றது. பின்னால் யாரோ ஜெராக்ஸுக்காகக் காத்திருந்தார்கள். ஜெபசிங் இரண்டாம் முறையாக அவனை அழைத்தார். எழுதியதை அழித்துவிட்டு அவன் மறுபடியும் எழுதினான்: எங்கள் பக்கத்தில், நன்றாகத் தெரியாத ஒருவரை அழைப்பதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம்.

அனுப்பிவிட்டு, ஜெராக்ஸ் எடுக்க எழுந்தான்.